ஷூவுக்குக் காவல்

“ஜெயம், போனை ஷூவுக்குள்ள சொருவி வெச்சிட்டுப் போறேன். உள்ள போன் கூடாதாம். பாத்துக்கினு இரு, எவனாச்சும் தூக்கினு போய்டப் போறான்” என்றார் என் வீட்டுக்காரர்.

திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்பெயின் நாட்டுத் திருடனை நான் எப்படிப் பிடிப்பது என்று கேட்பதற்குள், வெறுங்காலோடு மாதா கோயிலுக்குள் போய்விட்டார்.

எனக்கு மணி மாலை மூன்றரை. அவருக்கு உச்சிவெயில். விதைக்கடலைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தவள், வீடியோவில் அவர் பேசிக்கொண்டிருந்த போனை எதிரே ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

அங்கே யாரும் ஷூவைக் கழற்றுவதில்லை. வெயிலில் நடந்து வந்த புழுதியோடு அப்படியே உள்ளே போகிறார்கள். இவருக்குத்தான் மனசு வரவில்லை. மயிலம் முருகன் மலைப்படி ஏறிப் பழகிய கால். யார் சாமியானால் என்ன, சாமி சாமிதானே.

ஆயிரம் வருஷமாக வேதக்காரர்கள் யாத்திரையாக நடந்து போகிற பாதையாம் அது. வழியெல்லாம் பழைய கோயில்கள், பழைய கல் பாலங்கள். இவர் கையில் இருபத்திரண்டு இடங்கள் கொண்ட ஒரு பட்டியல். இது பதினொன்றாவது.

நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்தால், இவர் அடியில் இறங்கிக் கல்லைத் தட்டிப் பார்ப்பார். காலையில்கூட ஒரு வளைவுக்கு அடியில் நின்று சத்தம் போட்டார்.

“கம்பி இல்ல, சிமெண்டு இல்ல ஜெயம்! ஒரு கல்ல இன்னொரு கல்லு தாங்கிக்கினு நிக்குது, அவ்ளோதான்!”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டேன்.

ஷூதான் தொல்லை. அவர் காலுக்கு ஒரு சைஸ் பெரிசு. இரண்டு சாக்ஸ் மாட்டிக்கொண்டு நடக்கிறார். குதிகாலில் கொப்புளம். வேறு வாங்கிக்கொள்ளச் சொன்னால் கேட்க மாட்டார். நானும் ரொம்பச் சொல்லவில்லை.

கிளம்பும்போது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பையைத் தொலையுங்கள், போனைத் தொலையுங்கள். அந்த ஷூ மட்டும் என் வீட்டுக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.

அதனால் காவல் இருந்தேன்.

ஷூவுக்குள்ளிருந்து பார்த்தால் கோயில் வாசல் எத்தனை உயரம்! வாசல் வளைவு முழுக்கச் சின்னச் சின்னதாகக் கல் மனிதர்கள். ஆளுக்கொரு வாத்தியம். ஒருவர் பாட்டு மறந்துபோன மாதிரி பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்க்கிறார். அதையும் ஒருத்தன் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறான். பிரம்மதேசம் கோயில் கல்லைப் பார்த்து வளர்ந்த எனக்கே கை நின்றுவிட்டது.

வாசற்படி நடுவில் குழிந்து கிடந்தது. எத்தனை லட்சம் கால் பட்டால் கருங்கல் அப்படித் தேயும். அதில் இன்று என் வீட்டுக்காரரின் வெறுங்காலும் பட்டிருக்கிறது என்று நினைத்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது திரையில் ஒரு கை வந்தது.

சுருக்கம் விழுந்த வெள்ளைக்காரக் கை. ஷூவின் பக்கம் குனிந்தது. நான் மல்லாட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

கை எதையும் எடுக்கவில்லை. மஞ்சளாக ஒரு காட்டுப்பூவை இன்னொரு ஷூவில் வைத்தது. யாரோ வயசான அம்மா, கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

நேற்றுத்தான் என் வீட்டுக்காரர் ஒரு பாலத்தடியில் காட்டினார்: தனியாக ஒரு ஜோடி பூட்ஸ், உள்ளே பூ. வழியில் இறந்துபோனவர் நினைவாக வைப்பார்களாம், போகிறவர்கள் நின்று கும்பிட்டுப் போவார்களாம்.

உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு இப்படியா!

“ஏம்மா! என்னா பண்றே நீ? பூவ எடு! அவரு உள்ள கீறாரு!”

ஷூவுக்குள்ளிருந்து தமிழ் கேட்டதும் அந்த அம்மா ஓரடி பின்னால் போய்விட்டார். பிறகு குனிந்து பார்த்தார். முழுத் திரைக்கும் முகம். நீலக் கண், ஓரத்தில் ஈரம்.

என்னவோ கேட்டார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஷூவைத் தொட்டுக் காட்டினார். பிறகு விரலை வானத்துக்கு உயர்த்திப் புருவத்தைத் தூக்கினார்.

இல்லை, இதோ பத்து நிமிஷத்தில் வெளியே வருவார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ஆனால் மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினேன்.

அந்த அம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு இன்னும் ஏதோ கேட்டார். வயதைத்தான் கேட்கிறார் என்று நானே எடுத்துக்கொண்டேன். மல்லாட்டை மண் ஒட்டிய பத்து விரல்களையும் விரித்துக் காட்டினேன். மறுபடியும் பத்து. பிறகு ஆறு.

என் பிள்ளை வெற்றிவேல் அந்தப் பட்டியலை எழுதி, அந்த ஷூவை வாங்கி, பழக்குகிறேன் என்று ஏரிக்கரை வரை நான்கு நாள்தான் நடந்தான்.

அந்த அம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு, ஷூவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார்.

அவனுடைய அப்பா வெளியே வரும்வரை இரண்டு பேரும் காவல் இருந்தோம்.