டப்பாவில் மட்டும் புது ஆயில்

“சீக்கிரம்யா! காரை வாங்கறவன் ஒர்க்ஷாப் கேட்டுக்கே வந்துட்டான்” என்று பானெட்டைத் தட்டினார் ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரர்.

மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். உள்ளே தார் போல் கறுத்துக் கிடந்தது.

“ஈரம் ஏறின பழைய ஆயில், சார். ரேஸ் டிராக் சூட்டுல கொதிச்சுடும். அதான் வளைவுல பிரேக்கை மிதிச்சா உங்க கால் தரை வரைக்கும் போகுது. நாலு சக்கரத்துலயும் வடிச்சு மாத்திட்டா சரியாயிடும். ரெண்டு மணி நேரம் கொடுங்க.”

“அதுக்குள்ள அவன் மனசு மாறிட்டா? போன ஞாயித்துக்கிழமை சுவத்துல மோதிப் போய்ச் சேர்ந்திருப்பேன்யா. இந்தச் சனியனை இன்னிக்கே அவன் தலையில கட்டிடணும். டப்பால இருக்கறதை மட்டும் உறிஞ்சிட்டுப் புதுசை ஊத்து.”

“குழாய் முழுக்கப் பழசுதானே சார் இருக்கும்? அவர் டிராக்ல ஓட்டினா?”

“ஓட்டட்டுமே! மூடியைத் திறந்து பார்த்துட்டுக் காரை வாங்கற மடையனுக்கெல்லாம் உயிர் ஒரு கேடா?”

மெக்கானிக் சிரிஞ்சால் கறுப்பை உறிஞ்சினார். புதியதை ஊற்றி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் மூடியைத் திருகினார். நாலே நிமிடத்தில் டப்பா தேன் நிறத்தில் மின்னியது.

“திருட்டு வேலைன்னா மட்டும் கை பறக்குதே! ரொம்பப் பழக்கமோ?” என்று இளித்தார் கார்க்காரர்.

“இது ரெண்டாவது தடவைதான், சார்.” மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். “நாலு மாசத்துக்கு முன்னாடி, இதே காருக்குத்தான் செஞ்சேன். அப்ப கேட்ல நின்னுக்கிட்டிருந்தது நீங்க.”