நிறைஞ்ச அண்டா

“அப்பா, சாயம் தீர்ந்த அண்டா எது?”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா தீர்ந்ததுன்னு சொல்லாத ரம்யா. நிறைஞ்ச அண்டான்னு சொல்லு. பின்னால சோணை இருப்பாரு, அவர்கிட்டக் கேளு.”

சாயப் பட்டறை உரிமையாளர் வெங்கடரமணன், சுங்குடிச் சேலைகளின் முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மனம் மட்டும் அதில் இல்லை. கழிவுச் சாயம் இனியும் கால்வாயில் கலந்தால் பட்டறைக்குப் பூட்டுதான் என்று எச்சரித்துப் போன அதிகாரி, மறுநாள் மீண்டும் வருகிறார்.

மகள் ரம்யாஸ்ரீ கல்லூரி ஆய்வகத்தில் செய்த கறுப்புத் தூளே ஒரே நம்பிக்கை. உமிச் சாம்பலையும் அலுமினிய உப்பையும் காரக் கரைசலில் வேகவைத்து, நுண்துளைகள் நிறைந்த சியோலைட் என்னும் கனிமத்தைச் செய்து, அதில் இரும்பு ஆக்சைடை ஏற்றியிருந்தாள். துளைகள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு, தூளைக் காந்தத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சோணை மேலூர்க் கல்குவாரியை விட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். “நிறைஞ்ச அண்டாவா? இதுதான் பாப்பா” என்று தயங்காமல் காட்டினார்.

ரம்யா தூளைப் போட்டுக் கலக்கினாள். சிவப்பு அசையவில்லை. மேலும் போட்டாள். பாதிப் பை போன பிறகுதான் நிறம் வெளுத்தது. காளவாசல் ரேடியோக் கடையில் வாங்கிய ஒலிபெருக்கிக் காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி இறக்கினாள். தூள் கரடிக்குட்டி போல அதில் அப்பிக்கொண்டு வந்தது. அண்டாவின் அடி பளிச்செனத் தெரிந்தது.

ஓடிவந்து பார்த்த வெங்கடரமணனுக்குக் கண் கலங்கியது. “கழிவுலயே இம்புட்டுச் சாயமா? இத்தனை வருஷமா நான்தான் வீணாக்கியிருக்கேன் போல.”

“குத்தம் சொல்லலப்பா. நான் நினைச்சதைவிடப் பல மடங்கு இருந்துச்சு.”

“போகட்டும், பட்டறை பொழைச்சது. சோணை, சேலைகளை முக்கலாம். காலையில நான் கலக்கி வச்ச சிவப்பு எங்க?”

சோணை தெளிந்த அண்டாவைப் பார்த்தார், ரம்யாவைப் பார்த்தார். “அண்ணே, நிறைஞ்ச அண்டா எதுன்னு பாப்பா கேட்டுச்சு. விளிம்பு வரைக்கும் நிறைஞ்சிருந்தது இது ஒண்ணுதானே?”

வெங்கடரமணன் சுவரோரம் பாதியளவே கிடந்த கழிவு அண்டாவைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“புதுச் சாயத்தையே குடிச்சது கழிவையா விட்டுவைக்கும்? மிச்சத் தூளக் கொண்டா ரம்யா, தீர்ந்த அண்டா அந்தா இருக்கு.”