கழுத்தில் ஒரு சிவப்பு

தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க மாப்பிள்ளை குனிந்தபோதுதான் அருமைநாதன் அதைக் கண்டார். சட்டைக் கொலருக்கு மேலே, கழுத்தில், சுண்டுவிரல் நகமளவில் ஒரு சிவந்த கன்றல்.

அறுபத்தெட்டு வயதுக் கண்ணுக்கு விளக்கம் தேவையில்லை. இது ஏதோ ஒரு பெட்டையின் வேலை. பெண் பார்க்க வருகிற நாளிலும் அதை மறைக்கத் தெரியாத இந்த றொக்சனுக்கா தன் மகள் ஜொய்சியைக் கொடுப்பது? அவர் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த அஹுன்ட்சிக் ஊர் முழுக்கக் கேட்டுப் பாருங்கோ, எங்கட குடும்பத்தைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லாயினம்," என்று றொக்சனின் தாய் சிசிலியிடம் சொன்னார் அருமைநாதன். "இவள் சனிக்கிழமையிலும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போய், கம்பசிலை இருந்து படிக்கிற பிள்ளை."

"எங்களுக்கும் அப்பிடி ஒரு அடக்கமான பிள்ளைதான் அண்ணை வேணும்," என்றார் சிசிலி. தேத்தண்ணித் தட்டத்தோடு நின்ற ஜொய்சி நிலத்தைப் பார்த்தாள்.

றொக்சன் அலுமாரியின் மேலிருந்த சிவப்புக் காரைக் காட்டினான். "அங்கிள், உது ஆற்றை விளையாட்டுச் சாமான்?"

"விளையாட்டுச் சாமானோ? ரேஸ் கார், தம்பி. ரெண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கோயில் மண்டபத்திலை நடந்த போட்டியிலை முதலாவதா வந்தது. ஓட்டினது நான்."

காரை இறக்கி நிலத்தில் வைத்து றிமோட்டை அழுத்தினார். அது அசையவில்லை.

"வெள்ளிக்கிழமை முழுச் சார்ஜ் ஏத்தி வைச்சனான். இண்டைக்கு ஞாயிறுப் பூசை முடிஞ்சு வந்து பார்த்தால் செத்துக் கிடக்குது. ரெண்டு மாசமா இதே கூத்து."

"கிழடு தட்டியிருக்கும்," என்றான் றொக்சன். பிறகு அவசரமாக, "பற்றறியைச் சொன்னனான், அங்கிள்."

சிசிலி வாயைப் பொத்திக்கொண்டார். இனி மரியாதை பார்க்கத் தேவையில்லை என்று அருமைநாதன் முடிவெடுத்தார்.

"அது கிடக்கட்டும். கழுத்திலை உதென்ன?"

றொக்சன் தடவிப் பார்த்தான். "ஓ, இதோ? நேற்றுச் சுட்டுப்போட்டாங்கள்."

"என்ன?"

"பிளாஸ்ரிக் குண்டு, அங்கிள். எயார்சொஃப்ட் எண்டு சொல்லுறது. காட்டுக்குள்ளை முகமூடி போட்டு, ரெண்டு அணியாப் பிரிஞ்சு விளையாட்டுத் துவக்காலை சுடுறது."

முத்தமே பரவாயில்லை என்று பட்டது அவருக்கு.

"தம்பி, துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த சனம் நாங்கள். விளையாட்டுக்கெண்டாலும் அதைத் தூக்குற ஆளோடை எங்கட வீட்டுக்குச் சம்பந்தம் இல்லை. முடிஞ்சுது கதை."

சிசிலி கைப்பையை எடுத்தார். ஜொய்சி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். றொக்சனும் எழுந்தான், ஆனால் விளையாட்டில் தோற்ற கதைக்கு நியாயம் சொல்லாமல் போக அவனுக்கு மனம் வரவில்லை.

"நான் லேசிலை அடி வாங்கிற ஆள் இல்லை, அங்கிள். எங்கட துவக்குகளிலை இருக்கிறது சின்னப் பற்றறி, மத்தியானத்தோடை படுத்திடும். மற்ற அணியிலை ஒருத்தன் மட்டும் ரேஸ் கார் பற்றறியை இடுப்புப் பையிலை வைச்சு, வயர் இழுத்துத் துவக்கிலை கொழுவியிருந்தான். பொழுதுபடுமட்டும் விடாமல் சுட்டான். ஆள் ஆரெண்டும் தெரியேல்லை, முகமூடியைக் கழற்றாமலே போயிட்டான்."

"ஆற்றை வளர்ப்போ அது," என்று உறுமினார் அருமைநாதன். "அந்தத் தகப்பனைக் கண்டால் நாலு கேள்வி கேட்கவேணும்."

ஜொய்சி தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, றொக்சனின் கழுத்தை ஒருமுறை பார்த்தாள்.

"நான் நெஞ்சுக்குத்தான் குறி வைச்சனான், அப்பா."