சந்தனம் கழுவாத காசு

கழுவிப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றுவிட்டார், மதுரையிலிருந்து வந்த பழங்காசுப் பேராசிரியர்.

அய்யாத்துரை மீசையைத் தடவினார். பாண்டிய ராஜா தன் கையால் முப்பாட்டனுக்குக் கொடுத்த காசு. வெள்ளைக்காரன் காலத்தில் அப்பா இறந்ததிலிருந்து, பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் அப்பி, பெட்டியில் வைத்துக் கும்பிட்டு வருகிற காசு. அதைக் கழுவுவதா?

கழுவாமலும் முடியாது. காமயகவுண்டன்பட்டியே முற்றத்தில் நின்றது. கூட்டியது அவர்தான். பெட்டிக்குள் வெறும் சந்தன உருண்டைதான் இருக்கிறது என்று டீக்கடையில் பேசித் திரியும் பங்காளி பால்பாண்டியின் வாயை இன்றோடு அடைக்க வேண்டும். கோயிலில் முதல் மாலை எந்த வீட்டுக்கு என்ற பேச்சும் அதோடு ஒழியும்.

அடையாளம் கேட்டார் பேராசிரியர். சின்ன வெள்ளிக்காசு, ராஜா தலையில் கிரீடத்துக்குப் பதில் இலைமாலை, பின்பக்கம் நாற்காலியில் ஒரு பெண் என்று, சின்ன வயதில் பார்த்ததைச் சொன்னார் அய்யாத்துரை.

அப்படியானால் அது பாண்டியன் இல்லை, மிளகு வாங்க வந்த ரோமாபுரிக் காசு என்றார் பேராசிரியர்.

ரோமாபுரி எந்தத் திசையில் இருக்கிறது என்று அய்யாத்துரைக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நிமிஷமே அந்த ஊர் ராஜாவைக் கப்பலேற்றி வரவழைத்துவிட்டார்.

"எந்த ராசாவா இருந்தா என்ன? நம்மளைத் தேடி வந்து குடுத்திருக்காகல்ல?"

கும்பாவில் வெந்நீர் வந்தது. சந்தனம் அடுக்கடுக்காகக் கரைந்தது. மஞ்சள் தண்ணீருக்குள் ஒரு தாடிக்காரர் மெல்லத் தெரிந்தார். தலையில் கிரீடம்.

ஐந்தாம் ஜார்ஜ். நாலணா.

"ஏண்ணே, முப்பாட்டனுக்கு நாலணாதான் கூலியா?" என்றான் பால்பாண்டி. முற்றம் குலுங்கியது.

பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனார். அவள் கழுத்தில், கறுப்புக் கயிற்றில், சின்னதாக ஒரு வெள்ளிக்காசு.

கையில் வாங்கித் திருப்பினார். இலைமாலை. நாற்காலி. பெண்.

சுடுகாட்டில் பிணம் எரித்த சின்னக்கருப்பின் மகள் சோணையம்மாள் அவள்.

"இந்த வீட்டுப் பெரியவுக நெத்தியில வச்சிருந்த காசுய்யா. நெத்திக்காசு எரிக்கிற ஆளுக்குத்தான? எங்கப்பன் சாகுறப்ப எனக்குக் குடுத்துச்சு."

சிரிப்பு நின்றது. ராஜா காசையே தகப்பன் நெற்றியில் வைத்து அனுப்பிய மகனை ஊர் புதிதாகப் பார்த்தது. பால்பாண்டியின் தோளிலிருந்து துண்டு தானாக இறங்கியது.

"அப்ப பெட்டியில இருந்தது ஏதுண்ணே?"

அய்யாத்துரை நிமிர்ந்தார்.

"பெட்டி சும்மா கிடக்கக் கூடாதுன்னு வச்சதுடா. குடுத்ததைச் சொல்லிக்கிட்டுத் திரியிறது நம்ம வீட்டு வழக்கமில்ல."

சொல்லிவிட்டுக் கும்பாவைப் பார்த்தார்.

அப்பாவை எரித்த அன்று சிதையோரம், யாரும் பார்க்காத நேரத்தில், சின்னக்கருப்பின் உள்ளங்கையில் அவர் ஒரு நாலணாவை வைத்து அழுத்தினார். நெற்றியில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடு என்றார். சந்தனம் அப்பிய காசு ஒன்று மறுபேச்சில்லாமல் கைக்கு வந்தது.

அவர் கொடுத்த அதே நாலணாதான் இப்போது தாடியோடு தண்ணீருக்குள் கிடந்தது.