தொண்ணூறு வினாடி வாசகர்

"லேட்டுதான், தெரியும். ரோபோட்ல மாட்டிக்கிட்டேன். அதுக்கு இன்னைக்கு உயிரே இல்ல." சொல்லிக்கொண்டே நூலகர் மாதுபே ஆரஞ்சுப் பழப் பையை மேசையில் போட்டாள்.

"நீங்க மட்டுமா? மொத்த லைப்ரரியும்தான் ரோபோட்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்குது," என்றான் மெலுலி. புலவாயோ நகரின் அந்தக் கல்லூரி நூலகத்தில் கணினி வேலையெல்லாம் அவன் பொறுப்பு.

பத்து மணிக்குக் கூட்டம். இணையத்தில் வாங்கும் ஆய்விதழ்களில் எதை நிறுத்துவது என்று அங்கே முடிவாகும். வருடத்துக்கு நூறு தடவைகூடத் திறக்கப்படாத இதழ் வெளியே போகும். ஏ.ஐ. எந்திரங்கள் புகுந்து பக்கம் பக்கமாக வாரிக்கொண்டு போவதால், மனிதர் திறந்ததை மட்டுமே எண்ண வேண்டும் என்பது புது விதி.

கால்நடை நோய் இதழ் நாலாயிரம் தடவை திறக்கப்பட்டிருந்தது. ஒன்பதைத் தவிர மற்றதெல்லாம் ஒரே உறுப்பினர் அட்டையில், எண் 4417.

"ஒண்ணரை நிமிஷம் படிக்குது, ஒண்ணரை நிமிஷம் சும்மா நிக்குது. காலையில ஆறு மணியில இருந்து சாயந்திரம் வரைக்கும் இதே தாளம். மனுஷன் இப்படியா படிப்பான்? எவனோ அட்டையை வாங்கி ஏ.ஐ.கிட்ட குடுத்திருக்கான். நம்ம புரோகிராம் இன்னைக்குக் காலையில அட்டையை முடக்கிடுச்சு."

"அந்த இதழ் போகக் கூடாது மெலுலி."

போன மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சலில் அவள் அண்ணனின் மாடுகள் பன்னிரண்டு செத்தன. அந்த இதழில் அவள் தேடிப் பிடித்துச் சொன்ன மருந்தில்தான் மிச்சம் நாலு பிழைத்தன.

"அப்போ அந்த ஆளையே கேட்டுப் பாருங்க."

"நேத்தே மெசேஜ் போட்டுக் கேட்டேன். நீங்க யாரு, எங்கிருந்து படிக்கிறீங்கன்னு."

கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். பதில் வந்திருந்தது. ஒரே ஒரு சொல்: ரோபோட்.

மெலுலி விழுந்து விழுந்து சிரித்தான். "திருடனே ஒத்துக்கிட்டான். கையெழுத்தைப் போடுங்க மாதுபே."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள், எண்களை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். மணி ஒன்பது ஐம்பது. வேறு வழி தெரியாமல், இதழை நிறுத்தச் சொல்லும் தாளில் கையெழுத்துப் போட்டு, அதை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

கவுன்டரில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் காலடியில் சாக்கு மூட்டையோடு நின்றிருந்தார்.

"என் அட்டை வேலை செய்யலம்மா. அடுத்த வாரம் கால்நடை உதவியாளர் பரீட்சை. இன்னைக்கு யாவாரம் ஓடல, அதான் நேர்ல வந்தேன். நம்பர் நாலு நாலு ஒண்ணு ஏழு."

மாதுபே அப்படியே நின்றுவிட்டாள். "நீங்களா? பின்ன ஏன் ரோபோட்னு பதில் போட்டீங்க?"

அவர் குழம்பிப்போய் மூட்டையின் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே பை பையாக ஆரஞ்சு.

"எங்கிருந்துன்னு கேட்டீங்களே, சிக்னல் விளக்கை நம்ம ஊர்ல ரோபோட்னுதானே சொல்வோம்? தினம் அந்த ரோபோட்ல கார் நிக்கிறப்போ என்கிட்டதானேம்மா வாங்குறீங்க? சிவப்பு விழுந்தா விப்பேன், பச்சை விழுந்தா படிப்பேன்."