கடைசியாக வந்தவள்

"மெல்ல, அப்பா! தசை வீங்கியிருக்கு" என்று கற்பகம் காலை இழுத்துக்கொண்டாள். அவளுடைய கெண்டைக்கால் கல்லாய் இறுகியிருந்தது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றிக்கொண்டிருந்த அய்யாசாமியின் முகம் அதைவிட இறுகியிருந்தது.

மகள் எண்பது கிலோமீட்டர் மலையோட்டத்துக்குப் போகிறாள் என்று கொச்சியின் கொச்சங்காடி முழுவதும் பெருமையடித்தவர் அவர். இப்போது பக்கத்து வீட்டு ஷைலஜா வாசலில் நின்று, ஓட்டத்தின் வீடியோவைக் காட்டிச் சிரித்தாள்.

"நோக்கு சேட்டா! எல்லாரும் வந்து சாயா குடிச்சாச்சு. ஒரு மணிக்கூர் கழிஞ்சுதான் உங்க மோள் வர்றா!"

"அப்பா, அது வந்து..."

"பேசாதே! எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் தெருவுல இறங்குவேன்?"

அப்போது ஊன்றுகோலுடன் ஒரு பெண் படியேறி வந்தாள்.

"கற்பகத்தோட வீடுதானே? நான் மஞ்சுஷா, கூட ஓடினவ. இறக்கத்துல என் கெண்டைக்கால் தசை கிழிஞ்சுபோச்சு. ஆறு கிலோமீட்டர், முதலுதவி முகாம் வரைக்கும் உங்க மகதான் தாங்கிக் கொண்டுவந்தா. என் பாரமும் சேர்ந்துதான் அவ கால் இப்படி வீங்கிடுச்சு."

"அதனாலதான் கடைசியா வந்தாளா?"

"இல்ல அங்கிள், கடைசியா வர்றதுதான் அவளோட பொறுப்பு. மலையில யாரும் விட்டுப்போகாம, எல்லாருக்கும் பின்னால ஒருத்தர் ஓடணும். எத்தனை நேரமானாலும் தளராத காலுக்குத்தான் அந்த வேலையைக் கொடுப்பாங்க. அடுத்த வருஷத்துக்கும் அவளையே கேட்டிருக்காங்க."

ஷைலஜா மெல்ல நழுவப் பார்த்தாள். அய்யாசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"நில்லுங்க சேச்சி! தெரு முழுக்கச் சொல்லிடுங்க. அடுத்த வருஷமும் என் மகதான் கடைசி!"