கடிபடும் வேலை

எஸ்தரைக் கடிக்கும் மணல் ஈ உடனே செத்துவிடும். ஊசி போட்டு அவள் ரத்தத்தை அப்படி மாற்றியிருந்தார்கள். அதற்காகவே அந்தப் பணக்காரக் குடியிருப்பு அவளை வேலைக்கு வைத்திருந்தது. மாலைதோறும் பூங்காவின் ஈரமண் ஓரத்தில் கைகால் தெரிய உட்கார்ந்திருப்பாள். அவளைத் தாண்டும்போது பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அவளுடைய மண்வீட்டின் சுவர் வெடிப்புகளிலும் அதே ஈக்கள்தான். அங்கே தனியாக இருந்த மகள் ஜெனிபா அந்த ஈக்கடியால் கருங்காய்ச்சல் வந்து, வயிறு வீங்கி, சாகக் கிடந்து பிழைத்தாள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து எஸ்தர் வேலைக்குப் போகவில்லை.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் பத்ரிநாத் காரில் வந்து வாசலிலேயே நின்றார்.

"உன்னை நம்பித்தானே ஜன்னலைத் திறந்து வச்சிருக்கோம்? எங்க வீட்டுல குழந்தைங்க இருக்கு."

"இங்க இருக்கறது என்ன, நாய்க்குட்டியா?"

அவர் சுவரைப் பார்த்தார். "இந்தப் பொந்துக்கா உன் ரத்தத்தை வீணாக்கறே?"

எஸ்தர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த ஊசிய நீங்க போட்டுக்கிட்டு உங்க பூங்காவுல போய் உட்காருங்க சார்."

அவர் முகம் சுளித்துக் கிளம்பினார். எஸ்தர் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள்.

"லீதியா, பொழுது சாயுது. உன் புள்ளைங்களையும் கொண்டாந்து என் பக்கத்துல படுக்க வை."